மடையும் மறுகாலும் இல்லாத குளம்

கேள்வி: டாக்டர் ஐயா, எங்களுக்கு வீரவநல்லூர் பக்கம். வீட்டுப் புறவாசலில் ஒன்பது வாத்து வளர்க்கிறோம். ஏழு பெட்டை, இரண்டு ஆண். அவை நீந்தட்டும் என்று 12 அடி நீளம், 8 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, போர் தண்ணீர் நிரப்பினோம். நாலே நாளில் தண்ணீர் பச்சையாகிவிடுகிறது. பத்து நாளில் நாற்றம் தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மதினி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாமியார் தேற்றான் கொட்டை உரைத்து விடச் சொல்கிறார். கொழுந்தனார் பிளீச்சிங் பவுடர் என்கிறார். உரக்கடையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் பாசி போய்விடும் என்றார்கள். எதைப் போடுவது, எவ்வளவு போடுவது? போன வாரத்திலிருந்து ஒரு பெட்டைக்குக் கண் ஓரத்தில் நுரை கட்டியிருக்கிறது. குளத்தை மூடிவிடலாமா என்றால் பிள்ளைகள் இரண்டும் அழுகின்றன.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்றில் எதையும் போட வேண்டாம். பிளீச்சிங் பவுடர் வாங்கி வைத்திருந்தால் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதற்கு ஒரு வேலை இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

உங்கள் ஊரைச் சுற்றியிருக்கிற குளங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கன்னடியன் கால்வாயில் வருகிற தண்ணீர் உள்ளே இறங்குகிறது. மடை வழியாக வயலுக்குப் போகிறது. நிறைந்தால் மிச்சத் தண்ணீர் மறுகால் வழியாக வெளியே பாய்கிறது. மாடு இறங்குகிறது, எருமை படுக்கிறது, கொக்கும் நாரையும் எச்சம் போடுகின்றன. அப்படியும் அந்தத் தண்ணீர் நாறுவதில்லை. வந்த தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. அதே குளத்தில் கால்வாய் அடைத்த பிறகு, சித்திரை வெயிலில், ஓரத்தில் குட்டையாகத் தேங்கிக் கிடக்கிற தண்ணீர்ப் பக்கம் போய் நில்லுங்கள். உங்கள் புறவாசலில் அடிக்கிற வாடைதான் அங்கேயும் அடிக்கும்.

உங்கள் குழிக்கு மடையும் கிடையாது, மறுகாலும் கிடையாது. விழுந்தது எல்லாம் உள்ளேயே கிடக்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போகப் போக மேலே ஊற்றுகிறீர்கள், அழுக்கு மட்டும் கூடிக்கொண்டே வருகிறது. சிக்கல் இதுதான்.

ஒரு கணக்கு சொல்கிறேன். வளர்ந்த வாத்து ஒன்று நாளைக்கு 125 முதல் 150 கிராம் வரை ஈர எச்சம் போடும். ஒன்பது வாத்துக்கு ஒரு கிலோவைத் தாண்டும். வருஷத்துக்கு நாலு குவிண்டாலுக்கு மேல். மீனோடு சேர்த்து வாத்து வளர்க்கிறவர்கள் ஒரு ஹெக்டேர் குளத்துக்கு 200 முதல் 300 வாத்துதான் விடுவார்கள். அந்த எச்சமே குளத்துக்கு உரமாகப் போதும், தனியாகச் சாணம் கரைத்து விட வேண்டியதில்லை. இதைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வாத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ட் தண்ணீர்ப் பரப்பு வருகிறது. ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி. உங்கள் குழி 96 சதுர அடி. ஒரு வாத்துக்கே கால்வாசிக்கும் குறைவான இடத்தில் ஒன்பது வாத்து இறங்குகின்றன. நீங்கள் பராமரிப்பில் குறை வைக்கவில்லை. அந்தக் குழியை யார் பார்த்துக்கொண்டாலும் நாலாம் நாள் பச்சையாகத்தான் ஆகும்.

பச்சை எங்கிருந்து வருகிறது என்றால், வயலுக்கு யூரியாவும் டிஏபியும் போட்டால் பயிர் எழும்புகிற மாதிரிதான். வாத்து எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன. அதைத் தின்று பாசி பெருகுகிறது. வெளிர்ப்பச்சைத் தண்ணீரால் வாத்துக்குக் கெடுதல் இல்லை. பயப்பட வேண்டியது வேறு. மீன் வளர்க்கிறவர்கள் செய்கிற ஒரு சோதனை உண்டு. கையை நேராகத் தண்ணீருக்குள் இறக்குங்கள். முழங்கை நனையும் வரை உள்ளங்கை மங்கலாகவாவது தெரிந்தால் தண்ணீர் பரவாயில்லை. மணிக்கட்டு நனைவதற்குள் விரல் மறைந்துவிட்டால் பாசி அளவு மீறிவிட்டது. அப்புறம் ஒரு குச்சியால் அடிமண்டியைக் கிளறி மோந்து பாருங்கள். அழுகின முட்டை வாடையோடு கறுப்பாக வந்தால் அடியில் காற்றே இல்லாமல் அழுகல் நடக்கிறது என்று பொருள். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது இரண்டாவது கட்டத்தில் இருக்கிறீர்கள் என்றே தோன்றுகிறது. மேலே பெயின்ட் கொட்டினாற்போல நீலப்பச்சை ஆடை படிந்திருந்தால் அன்றே வாத்தை வெளியே அடைத்துவிடுங்கள். அந்த வகைப் பாசியில் விஷமுள்ளவை உண்டு.

இனி அந்த மூன்று மருந்து. உங்கள் மாமியார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆற்றில் புதுவெள்ளம் செந்நிறமாக வரும்போது மண்பானையின் உள்பக்கம் தேற்றான் கொட்டையை உரைத்துத் தண்ணீர் ஊற்றி வைத்தால், காலையில் மண் அடியில் தங்கி மேலே கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும். முருங்கை விதையும் அப்படித்தான். அது மண்ணைப் பிடித்துக் கீழே இறக்குகிற வேலை. எச்சத்தில் இருந்து கரைந்த அம்மோனியாவை அது தொடாது. உங்கள் குழியில் இருப்பது சுமார் 6,800 லிட்டர். அவ்வளவையும் தெளிய வைத்தாலும் ஒன்பது வாத்தும் இறங்கிக் காலால் கலக்கினால் அரைமணி நேரத்தில் பழைய கதைதான்.

மயில்துத்தம் பாசியைக் கொல்லும், பொய் இல்லை. செத்த பாசி எங்கே போகும்? அடியில் போய் அழுகும், நாற்றம் இன்னும் கூடும். அதிலுள்ள செம்பு மண்டியிலேயே தங்கும். வாத்து அந்த மண்டியை அலகால் சலித்துத் தின்கிற பறவை.

பிளீச்சிங் பவுடர்தான் எனக்கு அதிகக் கவலை. எச்சம் கலந்த தண்ணீரில் அம்மோனியா இருக்கிறது. குளோரின் அதோடு சேர்ந்தால் கண்ணையும் மூச்சையும் எரிக்கிற ஆவி கிளம்பும். ஏற்கெனவே கண்ணில் நுரை கட்டின வாத்து உங்களிடம் இருக்கிறது. வாத்து உள்ளே இருக்கும்போதும் சரி, அழுக்குத் தண்ணீர் நிற்கும்போதும் சரி, அதைக் கொட்டவே கூடாது. தொட்டியைக் காலி செய்து, எச்சத்தை எல்லாம் தேய்த்துக் கழுவின பிறகு, ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி கரைத்துச் சுவரில் பூசி, அரைமணி கழித்து இரண்டு முறை அலசி, ஒரு நாள் வெயிலில் காயவிடலாம். மாதம் ஒரு முறை போதும். நான் முதலில் சொன்ன அந்த வேலை இதுதான்.

சரி, என்னதான் செய்வது? பெரிய குழித் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கப் பார்க்காதீர்கள். சின்னத் தொட்டி வைத்துத் தண்ணீரை மாற்றுங்கள். செப்டிக் டேங்குக்கு இறக்குகிற சிமெண்ட் உறை இருக்கிறதே, நாலு அடி விட்டம், ஒரு அடி உயரத்தில் ஒன்று வாங்குங்கள். வாழைக்குப் பக்கத்தில் கொஞ்சம் மேடான இடத்தில் தளம் போட்டு உட்கார வையுங்கள். தளம் ஒரு பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்கட்டும். சரிவின் கடைசியில், தளத்தோடு தளமாக இரண்டு அங்குலக் குழாய் பதித்து வெளியே வால்வு வைத்துவிடுங்கள். அது உங்கள் மடை. மேல் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே இன்னொரு ஓட்டை. அது மறுகால். இரண்டும் ஒரே வாய்க்காலில் விழுந்து வாழைப் பாத்திக்குப் போகட்டும். அடிக்குழாய் வாயில் வலை கட்டாதீர்கள். இறகும் எச்சமும் சேர்ந்து ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். குழாய் பெரிதாக இருந்தால் எல்லாம் தானாகப் போய்விடும்.

பத்து அங்குலம் தண்ணீர் நிறுத்தினால் இதில் 300 லிட்டர் பிடிக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் திறந்துவிடுங்கள், கோடையில் தினமும். வாத்து ஒரே நேரத்தில் மூன்று நாலு இறங்கும், மற்றவை முறை வைத்துக் காத்திருக்கும். அது போதுமா என்று நினைப்பீர்கள். முட்டை இடுவதற்கு வாத்துக்கு நீச்சல் தேவையே இல்லை. தலையை முழுதாக முக்கி எடுக்கத் தண்ணீர் வேண்டும், இறகை நனைத்துக் கோத வேண்டும். இந்த இரண்டும் கிடைத்தால் போதும். அதற்குமேல் நீந்தினால் அதற்குச் சந்தோஷம், நமக்கும் பார்க்க அழகு.

திறந்துவிடுகிற தண்ணீர் வீண் என்று நினைக்க வேண்டாம். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் பறவைகள் எச்சம் போட்ட குளத்து வண்டலை ஊர்க்காரர்கள் வயலுக்கு அள்ளிப் போடுவார்கள். அதே சரக்குதான் உங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஏழெட்டு வாழைக்கும் இரண்டு தென்னைக்கும் அந்த 300 லிட்டரைப் பிரித்து விட்டால் தனியாகப் பாய்ச்ச வேண்டியிருக்காது. கீரைப் பாத்திக்கும் மல்லித்தழைக்கும் மட்டும் விடாதீர்கள். வாத்து எச்சத்தில் வயிற்றைக் கெடுக்கிற சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அதே காரணத்துக்காக வாத்து முட்டையை நன்றாக வேகவைத்தே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

குடிதண்ணீர் வேறு, குளிக்கிற தண்ணீர் வேறு. இதை உங்கள் கடிதத்தில் எங்குமே காணவில்லை. குழித் தண்ணீரையே அவை குடிக்கின்றன என்று நினைக்கிறேன். ஒரு வாத்து நாளைக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், வெயில் காலத்தில் அதைவிட அதிகம். கண் முங்குகிற அளவுக்கு, ஐந்தாறு அங்குல ஆழமுள்ள இரண்டு பாத்திரங்களில் காலையும் மாலையும் புதுத் தண்ணீர் வையுங்கள். பாத்திரத்துக்கு அடியில் ஒரு சின்னக் குழி எடுத்து, சரளை கொட்டி, மேலே கம்பி வலை போட்டு, அதன்மேல் வையுங்கள். சிந்துகிறது எல்லாம் கீழே இறங்கிவிடும், சேறாகாது. வாத்துக்குச் சேற்றைக் கண்டால் விட மனசு வராது, அலகால் தோண்டித் தோண்டி அதே அலகைத் தொட்டியில் கழுவும். தொட்டியைச் சுற்றியும் நாலு அடிக்குச் சரளையோ உடைந்த செங்கலோ பரப்பிவிட்டால் பாதிச் சேறு உள்ளே வராது.

தீனியைத் தொட்டியிலிருந்து தள்ளி வையுங்கள். வாயில் அள்ளிக்கொண்டு போய்த் தண்ணீரில் நனைத்துத் தின்பது அதன் பழக்கம், பாதி தண்ணீரிலேயே கரைந்துபோகும். தவிட்டைப் பிசைந்து வைத்தால் அரைமணியில் தின்று முடிக்கிற அளவு மட்டும். மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு கோழியைவிட வாத்தை மிக வேகமாகக் கொல்லும், ஈரலைத் தாக்குகிற விஷம் அது.

இன்னொரு பழக்கமும் தண்ணீரைக் காப்பாற்றும். காலையில் எட்டரை, ஒன்பது வரை கூண்டை விட்டு வெளியே விடாதீர்கள். வாத்து பெரும்பாலும் விடிவதற்கு முன்னாலும் விடிந்த கொஞ்ச நேரத்திலும் முட்டை இட்டுவிடும். முட்டை தண்ணீரில் விழாது, இராத்திரி எச்சமும் உமிப் படுக்கையிலேயே தங்கிவிடும். அப்புறம் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் தொட்டி. மற்ற நேரம் தென்னை அடியில் மேயட்டும்.

இருக்கிற குழியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒரே நாளில் மொத்தத்தையும் ஒரே வாழைக்கு ஊற்றாமல், நாலைந்து நாளாக இறைத்துப் பிரித்து விடுங்கள். மண்டியை அள்ளிக் காயப்போட்டுத் தென்னைக்கு வையுங்கள். மூடிவிடுவதுதான் என் யோசனை. பிள்ளைகளுக்காகக் குழியும் வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது, ஆனால் வேலை உண்டு. குழிக்குப் பக்கத்தில், அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, ஒன்றரை அடி ஆழத்தில் இன்னொரு தொட்டி கட்டி, சரளை நிரப்பி, கோரை, சம்பு, கல்வாழை நடுங்கள். சின்ன மோட்டாரால் குழித் தண்ணீரை ஒரு முனையில் ஏற்றினால் சரளைக்குள் ஊர்ந்து மறுமுனையில் வடிந்து திரும்பக் குழிக்குள் விழும். சரளையில் குடியேறுகிற நுண்ணுயிரிகள் அம்மோனியாவை மாற்றும், வேர் சத்தை உறிஞ்சும். பத்தமடைக்காரர்கள் பாய்க்கு எடுக்கிற கோரை தாமிரபரணிக் கரையில் வளர்வதுதான், நம் மண்ணுக்குப் பழகின செடி. வலை கட்டி வாத்தை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குருத்தை ஒரே நாளில் மொட்டையடித்துவிடும். இவ்வளவு செய்தாலும் நாலு வாத்துக்கு மேல் அந்தக் குழி தாங்காது, அடிமண்டியையும் அவ்வப்போது அள்ளத்தான் வேண்டும்.

யாராவது அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை போட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்று சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு கொத்து கால்வாய்க்குள் தப்பிப் போனால் என்ன ஆகும் என்பதை ஆற்றில் வருஷா வருஷம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். செடி வளர்க்க ஆசை என்றால் தனிக் குழியில் அசோலா என்கிற சின்ன மிதக்கும் செடியை வளருங்கள். தொட்டித் தண்ணீரில் ஒரு வாளியை நல்ல தண்ணீரில் கலந்து விட்டால் செழித்து வரும். இரண்டு முறை அலசி வாத்துக்கே போடலாம். ஒரு கூடை அசோலா அவற்றுக்கு ஐந்து நிமிஷ வேலை.

கண்ணில் நுரை கட்டின வாத்துக்கு வருகிறேன். கண்ணையும் மூக்குத் துளையையும் சுத்தத் தண்ணீரில் முக்கிக் கழுவ முடியாத வாத்துக்கு இது வரும். அதைத் தனியாகப் பிரித்து, ஆழமான பாத்திரத்தில் நல்ல தண்ணீர் வையுங்கள். கொதித்து ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, வெள்ளைத் துணியில் நனைத்து, காலையும் மாலையும் கண்ணைத் துடைத்துவிடுங்கள். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை நறுக்கிப் போடுங்கள், வைட்டமின் ஏ குறைந்தாலும் கண் இப்படி ஆகும். மூன்று நாளில் சரியாகவில்லை என்றால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். கடைக்காரர் தருகிற சொட்டு மருந்தை விட்டுப் பார்க்க வேண்டாம்.

மற்ற எட்டையும் இன்று ஒரு முறை சோதியுங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து முதுகில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சேப்பிலையில் விழுந்த மாதிரி உருண்டு ஓடினால் இறகு நன்றாக இருக்கிறது. ஊறி உள்ளே இறங்கினால், அழுக்குத் தண்ணீரில் கிடந்து கிடந்து இறகின் எண்ணெய்ப் பதம் போய்விட்டது. வால் தொடங்குகிற இடத்தில் முதுகுப் பக்கம் இருக்கிற சுரப்பியிலிருந்து எண்ணெய் எடுத்து அலகால் பூசிக்கொள்வதுதான் வாத்துக்கு மழைக்கோட்டு. அது போன வாத்து தண்ணீரில் தாழ்ந்து மிதக்கும், வெளியே வந்து நடுங்கும். இறகு உலர்ந்து பழையபடி ஆகும் வரை அதைத் தொட்டியில் விடாதீர்கள். அடைகாத்த தாய் இல்லாமல் வாங்கி வளர்க்கிற குஞ்சும் எளிதில் நனைந்து நடுங்கும். இறகு முளைக்கும் வரை, ஒரு மாதம் போல, ஆழத் தண்ணீர் காட்டக்கூடாது.

அழுகல் தண்ணீரைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வேலைக்கு வந்த புதிதில், பிசான நெல் அறுப்பு முடிந்த ஒரு பங்குனியில், அறுத்த வயலின் தாளடியில் மேய்க்க வந்த ஒரு வாத்துக்கூட்டத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். முப்பதுக்கு மேல் கரையில் கிடந்தன. ஒன்றைத் தூக்கி மடியில் வைத்தேன். கண் திறந்திருக்கிறது, என்னைப் பார்க்கிறது. கழுத்து மட்டும் நனைந்த துணி மாதிரி என் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. நான் வாத்து பிளேக்கா, காலராவா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மேய்க்கிற பெரியவர் ஒன்றும் பேசாமல் என்னை வற்றின குளத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். செத்த மீன் ஒரு குவியல், அதில் புழு நெளிந்துகொண்டிருந்தது. வாத்துகள் அந்தப் புழுவைத்தான் தின்றிருந்தன. காற்றில்லாத அழுகலில் வளர்கிற ஒரு கிருமியின் விஷம், நரம்பைக் கட்டிப்போட்டுவிடும். கூட்டத்தை ஓடுகிற தண்ணீருக்கு மாற்றி, விழுந்தவற்றுக்குச் சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீர் புகட்டினோம். இரண்டு நாளில் கொஞ்சம் எழுந்தன, மற்றவை போய்விட்டன. அந்தக் கழுத்தின் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது.

உங்கள் குழியில் செத்த எலி, தவளை, மீன் எது மிதந்தாலும் உடனே எடுத்துப் புதைத்துவிடுங்கள். எந்த வாத்தாவது கழுத்தைத் தூக்க முடியாமல் இருந்தால் முதலில் தண்ணீரை விட்டு வெளியே எடுங்கள், இல்லாவிட்டால் மூழ்கிவிடும். அப்புறம் மருத்துவரைக் கூப்பிடுங்கள். இரண்டு மூன்று ஒரே நாளில் இறந்தால் புதைப்பதற்கு முன் தகவல் சொல்லுங்கள். கையுறை இல்லாமல் தொட வேண்டாம், பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, காரணம் தெரியாமல் தவிக்க வேண்டியதில்லை. பிளேக் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்றும் எழுதவில்லை. இரண்டு மாதம் தாண்டின வாத்துக்குப் போட வேண்டும், மருந்தகத்தில் கேளுங்கள்.

கொசுவுக்குத் தனி வைத்தியம் தேவையில்லை. வாத்து இறங்குகிற தண்ணீரில் புழுவை அதுவே தின்றுவிடும். காலியாகக் கிடக்கிற வாளி, மழைத் தண்ணீர் பிடித்த தார்ப்பாய் மடிப்பு, இவைதான் டெங்குக் கொசுவுக்கு இடம். வாரம் ஒரு முறை கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் மாட்டுத் தொழுத் தண்ணீர் தொட்டிப் பக்கம் ஓடி வராமல் ஒரு வரப்பு எடுத்துவிடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி வந்தால் எந்த வரப்பும் நிற்காது, அப்போது வாத்தை மேட்டுக்கு ஏற்றுவதுதான் முதல் வேலை. தண்ணீர் வடிந்த பிறகு தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பூசி, காயவிட்டு, அப்புறம் நிரப்புங்கள்.

நாற்றம் எப்போது போகும்? மண்டியை அள்ளின ஒரு வாரத்தில். ஈரமாக அள்ளிக் குவித்தால் இரண்டு நாளைக்கு வாடை கூடுதலாகவே அடிக்கும், அதனால் மதினியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். கையோடு நாலு முட்டை கொண்டுபோனால் இன்னும் நல்லது.

பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கொடுங்கள். சாயங்காலம் வால்வைத் திறப்பது ஒரு பிள்ளை, குழாயைத் திறப்பது இன்னொரு பிள்ளை. ஒரு வாரம் போனால், புதுத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் தென்னை அடியில் மேய்கிற வாத்து அத்தனையும் கத்திக்கொண்டு வரிசையாக ஓடி வந்து தொட்டி ஓரத்தில் நிற்கும். முதலில் இறங்குகிற வாத்து தலையை முக்கி எடுத்து, தண்ணீரை முதுகில் வாரி இறைத்து, இறக்கையை விரித்து எழும்பி அடிக்கும். பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் நனைவார்கள். கை, காலைச் சோப்புப் போட்டுக் கழுவின பிறகு வீட்டுக்குள் விடுங்கள்.